தசைக்குள் எலும்பு முளைப்பதைத் தடுக்க: மாத்திரையா, கதிர்வீச்சா, காத்திருப்பா?

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கோ, இடுப்புக் குழி (தொடை எலும்பின் தலை பொருந்தும் குழி) முறிவைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சைக்கோ நாள் குறித்த பிறகு, மூட்டைச் சுற்றியுள்ள தசையில் வேண்டாத எலும்பு வளராமல் இருக்க மாத்திரை தரலாம் அல்லது ஒரே ஒரு தடவை கதிர்வீச்சு கொடுக்கலாம் என்று மருத்துவர் சொல்லி, முடிவை நோயாளியிடமே விட்டுவிடுவது உண்டு. எதை வைத்து முடிவெடுப்பது என்று விளங்காமல் எழுதும் வாசகர்களுக்காகவே இந்த ஒப்பீடு. மருத்துவக் குறிப்புகளில் 'ஹெட்டரோடாபிக் ஆசிஃபிகேஷன்' என்று எழுதப்படும் இந்த நிலை மூட்டு அறுவைக்குப் பின் மட்டுமல்லாமல், தண்டுவடக் காயம், கடுமையான தலைக்காயம், பெரிய தீக்காயம், வெடி விபத்தில் உறுப்பு இழப்பு ஆகியவற்றுக்குப் பிறகும் வருகிறது. தசைக்குள் எலும்பு எப்படி உருவாகிறது, அதில் இரத்தக் குழாய்களுக்கு என்ன வேலை என்பது தெரிந்துவிட்டால், இந்த வழிகளுக்குள் எது யாருக்குப் பொருந்தும் என்பதில் பாதிக் குழப்பம் நீங்கிவிடும். ஆகவே அதிலிருந்து தொடங்குவதே முறை.

## இரத்தக் குழாய் இல்லாமல் எலும்பு இல்லை

அடிபட்ட தசையில் எலும்பு நேரடியாக எலும்பாகவே தோன்றிவிடுவதில்லை. கருவில் கை கால் எலும்புகள் உருவாவது போலவே, பெரும்பாலான நேரங்களில் முதலில் குருத்தெலும்பு உருவாகி, பின்னர் அது அழிந்து எலும்புக்கு இடம் விடுகிறது. தொடக்கம் ஆக்சிஜன் குறைவில் இருக்கிறது. அறுவையிலோ காயத்திலோ நுண்குழாய்கள் அறுபட்டு, வீக்கத்தால் மீதமுள்ளவையும் நசுங்கும்போது, அங்குள்ள செல்களுக்கு ஆக்சிஜன் போதாமல் போகிறது. அந்தக் குறைவை உணரும் 'ஹிஃப்-1 ஆல்ஃபா' என்ற புரதம் செல்களில் நிலைத்து நின்று, புதிய இரத்தக் குழாய்களை வளரச் செய்யும் 'விஇஜிஎஃப்' என்ற காரணியைச் சுரக்க வைக்கிறது. இதே ஆக்சிஜன் குறைவு, எலும்பாக மாறச் சொல்லும் 'பிஎம்பி' சமிக்ஞையையும் உரக்க ஒலிக்கச் செய்கிறது. (தாது நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தால் அங்கே புதிய எலும்பு உருவாகிறது என்று மார்ஷல் யூரிஸ்ட் 1965இல் காட்டியதிலிருந்துதான் இந்தச் சமிக்ஞையைப் பற்றிய அறிவே தொடங்கியது.)

குழாய் வளர்ச்சி ஒரே வீச்சில் நடந்து முடிவதும் இல்லை. அந்தச் சமிக்ஞையைத் தரும் புரதங்களில் ஒன்றான பிஎம்பி-2 செலுத்தப்பட்ட எலிகளில், குருத்தெலும்பு கண்ணில் படுவதற்கு முன்பே புதிய குழாய்கள் முளைத்திருப்பது காணப்பட்டது. அதன் பிறகு உருவாகும் குருத்தெலும்பில் இரத்த ஓட்டமே கிடையாது. அதன் செல்கள் முதிர்ந்து பருத்து, தாமே விஇஜிஎஃப்-ஐ வெளியிடும்போது இரண்டாம் அலை வருகிறது. நுண்ணோக்கியில் இந்தக் கட்டத்தைப் பார்த்தால், வெளிறிய குருத்தெலும்பின் விளிம்பில் செவ்வணுக்கள் நிறைந்த மெல்லிய குழாய் மொட்டுகள் உள்நோக்கி நுழைந்திருக்கும். குருத்தெலும்பைத் தின்று கரைக்கும் செல்களும் எலும்பை இட்டு நிரப்பும் செல்களும் அவற்றை ஒட்டியே வரிசை கட்டி நிற்கும். குழாய் எட்டாத இடத்தில் குருத்தெலும்பு குருத்தெலும்பாகவே கிடக்கும்.

இளம் எலிகளில் விஇஜிஎஃப்-ஐ முடக்கிப் பார்த்த ஓர் ஆய்வு 1999இல் வெளியானது. முடக்கியதும் வளர்தட்டில் (எலும்பு நீளமாக வளரும், அதன் முனையருகே உள்ள குருத்தெலும்புப் பகுதியில்) பருத்த செல்களின் அடுக்கு தடித்துக்கொண்டே போனது. குழாய்கள் உள்ளே வராததால் எலும்பு உருவாவது குன்றியது. மருந்தை நிறுத்தியதும் குழாய்கள் நுழைந்து பணி மீண்டும் தொடங்கியது. குழாயைத் தடுத்தால் எலும்பைத் தடுக்கலாம் என்பதை மட்டும் இந்த முடிவிலிருந்து எடுத்துக்கொள்பவர்கள் அதன் மறுபாதியை விட்டுவிடுகிறார்கள். தடை நீங்கியதும் வேலை தொடர்ந்தது என்பது அந்த மறுபாதி. மேலும், எலும்பில் இரத்தக் குழாய் வளர்ச்சியையும் எலும்பாக்கத்தையும் பிணைக்கும் ஒரு தனி வகை நுண்குழாய் இருப்பது 2014இல் எலிகளில் விவரிக்கப்பட்டு, 'எச் வகைக் குழாய்' என்று பெயர் பெற்றது. இயல்பான எலும்பு வளர்வதற்கு உதவும் அமைப்பும், முறிந்த எலும்பு ஒட்டுவதற்கு உதவும் அமைப்பும், தவறான இடத்தில் எலும்பு முளைப்பதற்கு உதவும் அமைப்பும் பெரும்பாலும் ஒன்றேதான். கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இந்த ஒரு செய்தியின் மேல் நிற்கிறது.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் காலம். எலும்பாக மாறக்கூடிய முன்னோடிச் செல்கள் எந்தப் பக்கம் போவது என்று முடிவாவது அறுவைக்குப் பிந்தைய முதல் சில நாட்களில்தான். அந்தச் சாளரம் மூடிய பிறகு தொடங்கும் தடுப்பு பெரும்பாலும் வீண். இரண்டாவது, என் பார்வையில் எல்லாவற்றிலும் கனமானது: இதே வாரங்களில் உடலில் வேறு எந்த எலும்பு ஒட்ட வேண்டியிருக்கிறது? மூன்றாவது, தடுக்கப்படுவது எக்ஸ்-ரேயில் தெரியும் எலும்பா, நோயாளிக்குத் தொல்லை தரும் எலும்பா என்பது. 1973 முதல் வழக்கில் உள்ள புரூக்கர் பகுப்பின்படி, தசையில் எலும்புத் தீவுகள் மட்டும் இருந்தால் முதல் தரம். இடுப்பெலும்பிலிருந்தும் தொடை எலும்பிலிருந்தும் வளர்ந்த முனைகளுக்கு இடையே 1 செ.மீ. இடைவெளியாவது இருந்தால் இரண்டாம் தரம். அதற்கும் குறைந்தால் மூன்றாம் தரம். மூட்டே இறுகியதுபோல் தோன்றினால் நான்காம் தரம். முதல் இரண்டு தரங்களும் பெரும்பாலும் நோயாளியின் கவனத்துக்கே வருவதில்லை. நான்காவதாக வயிறு, சிறுநீரகம், போக்குவரத்து, மறு அறுவை என்று சீட்டில் எழுதப்படாத செலவுகளையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

## மாத்திரை வழி

அழற்சியைத் தணிக்கும் வலி நிவாரணியான இன்டோமெதசின்தான் நீண்ட காலமாகப் பயன்பட்டு வரும் மருந்து. 25 மி.கி. நாளுக்கு மூன்று வேளை, அல்லது மெதுவாகக் கரையும் 75 மி.கி. ஒரு வேளை என்பது வழக்கமான அளவு. மூட்டு மாற்றுக்குப் பிறகு ஓரிரு வாரங்களும், இடுப்புக் குழி முறிவுக்குப் பிறகு ஆறு வாரங்கள் வரையும் கொடுப்பது உண்டு. இது காக்ஸ் என்ற நொதியைத் தடுத்து, புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைக் குறைக்கிறது. புரோஸ்டாகிளாண்டின் அழற்சியை வளர்ப்பதோடு விஇஜிஎஃப் சுரப்பையும் தூண்டுவது என்பதால், மாத்திரையின் பலனில் ஒரு பங்கு இரத்தக் குழாய் வளர்ச்சி தணிவதால் கிடைப்பது என்று கொள்ள இடம் இருக்கிறது.

மாத்திரையின் பலமும் பலவீனமும் ஒன்றேதான்: அது உடல் முழுவதும் போகிறது. இடுப்பில் அறுவை, தொடையில் முறிவு என்று இரண்டும் உள்ள விபத்து நோயாளியை எண்ணிப் பாருங்கள். இடுப்புத் தசையில் எலும்பு முளைக்கக் கூடாது. தொடை எலும்பு ஒட்டியே ஆக வேண்டும். மாத்திரைக்கு இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரியாது. இடுப்புக் குழி முறிவோடு நீள எலும்பு முறிவும் இருந்தவர்களைப் பற்றி 2003இல் வெளியான ஆய்வில், இன்டோமெதசின் பெற்றவர்களில் 26 சதவீதத்தினருக்கு நீள எலும்பு ஒட்டாமல் போயிற்று. பெறாதவர்களில் அது 7 சதவீதம். ஆறு வாரம் எடுத்துக்கொண்டவர்களில் இடுப்புக் குழியின் பின்சுவரே ஒட்டாமல் போகும் வாய்ப்பு கூடுகிறது என்பதும் பின்னர் வந்த ஆய்வில் தெரிந்தது. போதாக்குறைக்கு, இதே வகை முறிவில் போலி மாத்திரையோடு ஒப்பிட்டு 2006இல் வெளியான ஆய்வில், தடுப்புப் பலனிலேயே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே முறிவு நோயாளிகளுக்கு ஆறு வார இன்டோமெதசின் என்பதைப் பழக்கத்தால் எழுதிவிடுவதை நான் ஏற்பதற்கில்லை.

முறிவு எதுவும் இல்லாத, திட்டமிட்ட மூட்டு மாற்று வேறு கதை. அங்கே குறுகிய கால மாத்திரை வேலை செய்கிறது, விலையும் மலிவு, வார்டிலேயே தொடங்கிவிடலாம். மறைந்த செலவு இரத்தக் கசிவில் இருக்கிறது. இடுப்பு அறுவைக்குப் பின் கால் நாளங்களில் இரத்தம் உறையாதிருக்க மருந்து கொடுப்பது வழக்கம். அதோடு இந்த வகை வலி நிவாரணியும் சேரும்போது வயிற்றுப்புண்ணிலிருந்தோ காயத்திலிருந்தோ கசிவு கூடுகிறது. வயதானவர்களுக்குச் சிறுநீரகம் தளரலாம். செலகாக்ஸிப் போன்ற காக்ஸ்-2 மருந்துகள் வயிற்றுக்கு ஓரளவு இதமானவை. வேண்டாத எலும்பைத் தடுக்கும் திறனும் ஏறக்குறைய அதே அளவு. ஆனால் இதய நோய் உள்ளவர்களுக்கு எச்சரிக்கை தேவை. நெஞ்செரிச்சல் தாங்காமல் நான்காம் நாளே மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லாமல் இருப்பவர்களும் உண்டு என்பதை இந்த வழியின் செலவில் சேர்த்தே பார்க்க வேண்டும்.

## கதிர்வீச்சு வழி

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலிருந்து 1981இல் வெளியான அறிக்கை, அறுவைக்குப் பிறகு 20 கிரே (கிரே என்பது கதிர்வீச்சின் அலகு) அளவைப் பத்துத் தவணைகளில் கொடுத்ததை விவரித்தது. இன்று 7 முதல் 8 கிரே வரை ஒரே தவணையாகக் கொடுப்பதே வழக்கம். அறுவைக்கு முந்தைய சில மணி நேரத்திலோ, அறுவைக்குப் பிந்தைய 72 மணி நேரத்துக்குள்ளோ அது முடிந்துவிட வேண்டும். கதிர்வீச்சின் முதன்மை இலக்கு, வேகமாகப் பிரியத் தொடங்கியிருக்கும் முன்னோடிச் செல்கள். புதிதாக முளைக்கும் குழாயின் உட்சுவர்ச் செல்களும் அப்போது பிரிந்துகொண்டிருப்பவையே என்பதால் அவையும் பாதிப்புக்கு உள்ளாகின்றன. கால வரம்பு இத்தனை இறுக்கமாக இருப்பதற்குக் காரணமும் இதுவே: செல்கள் குருத்தெலும்பாக முதிர்ந்துவிட்டால், அந்த அளவுக் கதிர்வீச்சுக்கு அவை அசைந்து கொடுப்பதில்லை.

இதன் சிறப்பு, ஓரிடத்தோடு நிற்பது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இரத்தம் உறையாமைக்கான மருந்து ஆகிய காரணங்களால் மாத்திரை எடுக்க முடியாதவர்களுக்கும், காலிலோ கையிலோ வேறு முறிவு உள்ளவர்களுக்கும் இது இயல்பான தேர்வு. இடுப்பு அறுவைக்குப் பிறகு கடுமையான தரங்களைத் தடுப்பதில், மாத்திரையைவிடக் கதிர்வீச்சு சற்று மேலானது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் 2004இல் காட்டினார்கள்; ஆனால் அந்த வித்தியாசம் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவைச் சுற்றியே இருந்தது. இந்தச் சிறு வித்தியாசத்துக்காக மட்டும் கதிர்வீச்சைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

கதிர் படும் இடத்துக்குள்ளேயே ஒட்ட வேண்டிய எலும்பு இருந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். முழங்கை முறிவு அறுவைக்குப் பிறகு கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்த ஒரு ஆய்வு பாதியிலேயே நிறுத்தப்பட்டது; 2010இல் வெளியான அதன் முடிவின்படி, கதிர்வீச்சு பெற்றவர்களில் 38 சதவீதத்தினருக்கு எலும்பு ஒட்டவில்லை; பெறாதவர்களில் 4 சதவீதம். மாத்திரையில் தொடைக்கு நேர்ந்ததுதான் இங்கே முழங்கைக்கு நேர்ந்தது. சிமென்ட் இல்லாமல் பொருத்தப்படும் செயற்கை மூட்டில் எலும்பு வந்து பற்ற வேண்டிய பரப்பைக் கதிரிலிருந்து மறைத்துவைப்பதும் இதே காரணத்தால்தான்.

புற்றுநோய் அச்சமே வாசகர்களின் கேள்விகளில் முதலில் நிற்கிறது. இவ்வளவு குறைந்த அளவுக்குப் பிறகு அது மிக அரிது. ஆனால் வாழ்நாள் நெடியதாக உள்ள இளைஞருக்கு அந்த அரிய வாய்ப்பும் எடையில் சேரும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது ஆகாது. குழந்தைப்பேற்றை எண்ணியிருக்கும் ஆண்களும் பெண்களும் இனப்பெருக்க உறுப்புகளுக்கான மறைப்பு பற்றி முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். நடைமுறைச் செலவு ஒன்றும் உண்டு: கதிர்வீச்சுப் பிரிவு அதே வளாகத்தில் இல்லையென்றால், புதிதாகத் தைத்த இடுப்போடு மறுநாளே ஸ்ட்ரெச்சரில் இன்னொரு இடத்துக்குப் போய் வர வேண்டியிருக்கும்.

## காத்திருந்து பார்ப்பது

தடுப்பு எதுவும் எடுக்காமல் இருப்பதும் ஒரு வழிதான். பலர் நினைப்பதைவிட அதிகமானவர்களுக்கு அது சரியான வழி. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மருத்துவமனைகளில் மூட்டு மாற்று செய்துகொண்ட 902 பேரிடம் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், 14 நாள் கொடுத்த இப்யூப்ரோஃபென் என்ற வலி நிவாரணி எக்ஸ்-ரேயில் தெரியும் வேண்டாத எலும்பைக் குறைத்தது உண்மை. ஆனால் வலியிலோ நடமாட்டத்திலோ அதனால் முன்னேற்றம் எதுவும் கிடைக்கவில்லை; இரத்தக் கசிவுதான் கூடியிருந்தது. முன்பு இந்த எலும்பு வளர்ந்த வரலாறோ, முதுகெலும்பை இறுக வைக்கும் ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸோ, மூட்டைச் சுற்றி எலும்பு தாராளமாகப் படியும் தேய்மானமோ இல்லாத ஒருவருக்கு வழக்கமாகத் தடுப்பு கொடுப்பதன் பலன் ஐயத்துக்குரியது.

காத்திருப்பவர் சும்மா இருந்துவிட முடியாது. மூட்டில் சூடு, வீக்கம், அசைவுக் குறைவு தோன்றினால் பார்க்க வேண்டும். கால் வீங்கினால் அது நாளத்தில் இரத்தம் உறைந்ததா, தொற்றா, எலும்பு முளைக்கும் தொடக்கமா என்று பிரித்தறிய வேண்டும், ஏனெனில் மூன்றும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எக்ஸ்-ரே இங்கே தாமதமான சாட்சி. அதில் ஏதாவது தெரிய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். மூன்று கட்ட எலும்பு ஸ்கேன் அதற்கு முன்பே, சுமார் இரண்டரை வாரத்திலேயே காட்டிக்கொடுக்கிறது. ஊசி போட்ட மருந்து ஓடும் முதல் கட்டத்திலும், திசுவில் தேங்கும் இரண்டாம் கட்டத்திலும், எக்ஸ்-ரேயில் வெறுமையாகத் தெரியும் அதே தசைப் பகுதி ஒளிர்ந்து நிற்கும். அந்த ஒளிர்வு எலும்பின் அடையாளம் அன்று. எலும்புக்கு முன்னே வந்துவிட்ட இரத்த ஓட்டத்தின் அடையாளம்.

இறுகிய மூட்டை வலுவந்தமாக வளைத்து எலும்பை 'உடைத்துவிடலாம்' என்று சொல்பவர்களிடம் மட்டும் போக வேண்டாம். அது புதிய காயம், புதிய இரத்தக்கசிவு. தொடங்கிய இடத்துக்கே திரும்பிப் போவது.

## வளர்ந்த பின் வெட்டி எடுப்பது

எலும்பு முதிர்ந்துவிட்டால் மாத்திரையும் கதிர்வீச்சும் அதைக் கரைப்பதில்லை. அறுவை ஒன்றே வழி. விபத்துக்குப் பிறகு ஆறு மாதம், தண்டுவடக் காயத்துக்குப் பிறகு ஓராண்டு, தலைக்காயத்துக்குப் பிறகு ஒன்றரை ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பது பழைய விதி. இவ்வளவு காலம் காத்தே ஆக வேண்டுமா என்பது இன்று பல அறுவை நிபுணர்களால் கேள்விக்கு உள்ளாக்கப்படுகிறது. காத்திருக்கும் மாதங்களில் மூட்டும் தசையும் இறுகிப்போவதும் ஒரு செலவுதான். குழாய்கள் அடர்ந்த முதிராத எலும்பை வெட்டினால் இரத்தம் பெருகும். எலும்புக்கு உள்ளே முக்கிய நரம்போ தமனியோ சிக்கியிருக்கலாம் என்பதால், இரத்தக் குழாய்களைக் காட்டும் சிடி ஸ்கேன் முன்னதாகத் தேவைப்படலாம். நெடுங்காலம் படுத்திருந்தவரின் தொடை எலும்பு அறுவையின்போதே முறியவும் கூடும். வெட்டிய இடம் மீண்டும் ஒரு காயம் ஆகிவிடுவதால், அதன் பிறகு மாத்திரையா கதிர்வீச்சா என்ற கேள்வி முதலிலிருந்து எழும். காத்திருப்பதைத் தேர்ந்தெடுப்பவர் இந்தச் செலவையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார்.

| | மாத்திரை | கதிர்வீச்சு | காத்திருப்பு |
|---|---|---|---|
| தொடங்கும் நேரம் | அறுவைக்குப் பின் உடனே | முந்தைய சில மணி நேரம் முதல் பிந்தைய 72 மணி நேரம் வரை | அவசரம் இல்லை. கண்காணிப்பு தேவை |
| தாக்கம் பரவும் இடம் | உடல் முழுவதும் | கதிர் படும் இடம் மட்டும் | இல்லை |
| எலும்பு ஒட்டுவதற்கு ஆபத்து | எங்கே முறிவு இருந்தாலும் | கதிர் படும் இடத்து முறிவுக்கு | இல்லை |
| மறைந்த செலவு | இரத்தக் கசிவு, சிறுநீரகம், பாதியில் நிறுத்துவது | போக்குவரத்து, மறைப்பு, நெடுங்கால அரிய ஆபத்து | பின்னர் பெரிய அறுவை |
| பொருந்துபவர் | ஆபத்து கூடுதல், முறிவு இல்லை, வயிறு நலம் | ஆபத்து கூடுதல், மாத்திரை ஆகாது அல்லது வேறிடத்தில் முறிவு | ஆபத்து குறைவு |

## குழாயையே நேரடியாகத் தடுத்தால் என்ன

இரத்தக் குழாய்தான் காரணம் என்றால், புற்றுநோய்க்குப் பயன்படும் விஇஜிஎஃப் எதிர்ப்பு மருந்தையே கொடுக்கலாமே என்று கேட்பது நியாயம். அத்தகைய மருந்தான பெவாசிசுமாப் எடுத்துக்கொண்டிருப்பவர், பெரிய அறுவைக்கு முன் குறைந்தது 28 நாளாவது அதை நிறுத்த வேண்டும். அறுவைக்குப் பிறகும் 28 நாள் கழிந்து, காயம் முழுதும் ஆறிய பிறகே மீண்டும் தொடங்கலாம். தோல் தைத்த இடம் மூடுவதற்கும் அதே குழாய்கள் வேண்டும் என்பதே காரணம். நமக்குத் தடுப்பு தேவைப்படுவதோ சரியாக அந்த 28 நாட்களுக்குள். மருந்தின் பாதி உடலை விட்டு நீங்கவே ஏறத்தாழ 20 நாட்கள் ஆகும் என்பதால், குறுகிய காலம் கொடுத்து நிறுத்தும் வசதியும் இல்லை. எலிகளில் ஹிஃப்-1 ஆல்ஃபாவை முடக்கியபோது வேண்டாத எலும்பு குறைந்தது 2016இல் காட்டப்பட்டது. ஆனால் இன்று அறுவைக்கு நாள் குறித்திருப்பவர் தேர்ந்தெடுக்கக்கூடிய வழியாக அது இல்லை.

## இந்த ஒப்பீடு பொருந்தாத ஒரு நோய்

எஃப்ஓபி என்ற மிக அரிய பிறவி நோயில், ஏசிவிஆர்1 என்ற மரபணுவில் உள்ள மாற்றம் பிஎம்பி சமிக்ஞையை அடங்காமல் செய்கிறது. இந்த மாற்றம் 2006இல் கண்டறியப்பட்டது. சிறு அடிகூடத் தசையை எலும்பாக்கிவிடும் இந்த நோயில் மேலே சொன்ன அறுவை வழி கூடவே கூடாது. வெட்டிய இடத்தில் முன்பைவிட அதிக எலும்பு வளரும். தசையில் ஊசி போடுவதும் தவிர்க்கப்படுகிறது. 2022இல் கனடாவிலும் 2023இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற பாலோவரோட்டீன் என்ற மருந்து, குழாய்கள் வந்து சேர்வதற்கு முந்தைய குருத்தெலும்புக் கட்டத்தையே தடுக்கிறது. அதன் விலை வளரும் பிள்ளைகளிடம் தெரிகிறது: இயல்பான வளர்தட்டும் அதே கட்டத்தைக் கடந்துதான் எலும்பாகிறது என்பதால் அது காலத்துக்கு முன்பே மூடிக்கொள்ளலாம். பிறக்கும்போதே இரு காலின் பெருவிரலும் குட்டையாகவோ வளைந்தோ இருந்து, பின்னர் முதுகிலோ கழுத்திலோ காரணம் தெரியாத வீக்கம் தோன்றும் குழந்தைக்கு, வீக்கத்திலிருந்து திசுவை வெட்டிப் பரிசோதிக்கும் முன் மரபணுப் பரிசோதனை செய்யுமாறு பெற்றோர் கேட்டுக்கொள்ள வேண்டும்.